கரையைத் தாண்டிய அம்பு

போன மாதம் நான் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து போன் வந்தது. உடற்கல்வி இயக்குநராகப் புதிதாக வந்திருக்கும் பெண் பேசினார். பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்கிறார்களாம். பரண்மேல் துணி சுற்றிய பெரிய மரவில் ஒன்று கிடைத்ததாம்.

“நாலு பசங்க சேர்ந்தும் நாண் ஏத்த முடியல சார். நீங்க கையாலயே செஞ்சதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. எப்படி செஞ்சீங்கன்னு எழுதிக் குடுத்தா பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டுவேன்” என்றார்.

சரி என்றேன். முதலில் ஓர் எச்சரிக்கை. இனிமேல் அதற்கு நாண் ஏற்ற வேண்டாம். பல வருஷம் வளையாமல் கிடந்த மரம் அது. வளைத்தால் முறியும், முறிந்த துண்டு முகத்துக்குத்தான் வரும். செய்த விதத்தை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப் போவதாகச் சொன்னதால், அந்த வில்லிலிருந்து போன ஓர் அம்பைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

என் பெயர் ஷேக் தாவூது. சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. என் வாப்பா படகு கட்டும் ஆசாரி. பலகையை எப்படிக் காய வைப்பது, எந்தப் பக்கம் வளைத்தால் கேட்கும், எந்தப் பக்கம் வளைத்தால் பிளக்கும் என்பதெல்லாம் அவரிடம் கற்றது. படகு வேலை குறைந்தபோது கடலூரில் கெடிலம் ஆற்றங்கரைக் கல்லூரி ஒன்றில் விளையாட்டுப் பிரிவுக்குத் தச்சர் வேண்டும் என்றார்கள். சேர்ந்தேன். ஓட்டப் பந்தயத்துக்குத் தாண்டு கட்டை செய்வது, கிரிக்கெட் மட்டைக்குப் பிடி மாற்றுவது, கூடைப்பந்து பலகையைத் தூக்கிக் கட்டுவது என்று வருஷங்கள் போயின. நிக்காஹ் ஆனபின் சிதம்பரத்தில் குடியிருந்தேன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன்.

அதே ரயிலில்தான் எங்கள் உடற்கல்வி இயக்குநர் வைத்தியநாதன் சாரும் வருவார். கோயிலுக்குப் பக்கத்தில் கீழ வீதியில் வீடு. நெற்றியில் விபூதி, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. ரயிலில் என்னைப் பார்த்தால் தலையசைப்பார், பிள்ளைகள் நலம் கேட்பார், அதோடு சரி. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். மைதானத்துக்குள் கால் வைத்தபின்தான் அந்தப் பேச்சு. அதிலும் எதையும் உத்தரவாகச் சொல்லமாட்டார். “தாவூது, இத நாளைக்குள்ள முடிக்கலாமா?” என்பார். முடித்தே ஆகவேண்டும் என்று அதற்கு அர்த்தம். கோபம் வந்தால் குரல் இறங்கும். பெரிய காரியம் ஏதாவது வந்துவிட்டால் கைக்கடிகாரத்தைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவர் கை மணிக்கட்டுக்குப் போவதைப் பார்த்தாலே நாங்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

கல்லூரியில் வில்வித்தையை ஆரம்பித்தவர் அவர். நான் செய்து கொடுத்த மூங்கில் வில்லில்தான் பிள்ளைகள் பழகினார்கள். வருஷாந்திர விளையாட்டு விழாவைத் தொடங்கி வைக்க ஒரு மாணவர் மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அம்பு விடுவார். அந்தக் கோடியில், ஆற்றை ஒட்டி இருக்கும் மண் கரையில் அது குத்த வேண்டும். ஒரு வருஷம் அம்பு பாதி மைதானத்திலேயே விழுந்துவிட்டது. பந்தலில் சிரிப்பு. சார் முகம் மாறவில்லை. மறுநாள் பட்டறைக்கு வந்து நின்றார்.

“கரை வரைக்கும் போற வில்லு ஒண்ணு செய்யலாமா தாவூது?”

மூங்கிலில் அந்தப் பலம் வராது, மரத்தில் செய்யவேண்டும் என்றேன். எந்த மரம் என்று எனக்கே அப்போது தெரியாது. சவுக்கில் செய்து பார்த்தேன். பாதி வளைவிலேயே ஒடிந்தது. பனையின் வைரம் பாய்ந்த கட்டையில் செய்தேன். வளைந்தது, ஆனால் சிலும்பு கிளம்பி உள்ளங்கையைக் கிழித்தது. அப்போதுதான் பெரும்புயல் ஒன்று வந்து எங்கள் பக்கத்து மரங்களை எல்லாம் சாய்த்துப் போட்டது. முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் படுத்துக் கிடந்த நேரம். திருவந்திபுரத்துக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில் வயசான கருவேல மரம் வேரோடு விழுந்திருந்தது. அடிமரத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். பட்டை நேராக ஓடியிருந்தது. பட்டை முறுக்கிக்கொண்டு ஓடினால் உள்ளே நாரும் முறுக்கியிருக்கும், வில்லுக்கு ஆகாது. ஊராரைக் கேட்டுத் துண்டு போட்டு எடுத்து வந்தோம்.

வில்லுக்கு மரத்தை அறுக்கக்கூடாது, பிளக்க வேண்டும். அறுக்கும் வாள் தன் இஷ்டத்துக்கு நாரை வெட்டிக்கொண்டு போகும். இரும்பு ஆப்பு வைத்து அடித்தால் மரம் தன் நார் போன வழியே பிரியும். அப்படிப் பிரிந்த துண்டில் இரண்டு முனைக்கும் மெழுகு பூசி, ஸ்டோர் ரூம் நிழலில் படுக்கப் போட்டேன். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போயின. சார் இடையில் வந்து கேட்கவே இல்லை. ஒரு முறை மட்டும் உள்ளே வந்து துண்டின்மேல் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

கருவேலத்தில் பட்டைக்கு அடியில் வெளுப்பாக ஓர் அடுக்கு இருக்கும். அதற்குள்ளே செக்கச் சிவந்த வைரம். வெளுப்பு இழுத்தால் தாங்கும். வைரம் அமுக்கினால் தாங்கும். அதனால் வில்லின் முதுகுப் பக்கம், அதாவது எதிராளியைப் பார்க்கும் பக்கம், வெளுப்பாகவே இருக்கவேண்டும். பட்டையை உரித்த பிறகு அந்தப் பக்கம் உளியே படக்கூடாது. ஒரு நார் அறுந்தாலும் பின்னால் அங்கேதான் பிளவு கிளம்பும். உள் பக்கத்தை மட்டும் வாச்சியால் செதுக்கி, இழைத்து, கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு கணு இருந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சம் சதை கூடுதலாக விட்டேன். நீளம் என் தலைக்குமேல் ஒரு சாண்.

வளைத்துப் பார்ப்பதற்குச் சுவரில் ஒரு சட்டம் அடித்திருந்தேன். வில்லின் நடுவை அதில் உட்கார வைத்து, கயிற்றைக் கீழே உருளை வழியாக இழுப்பேன். இழுத்துப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து வளைவைப் பார்க்கவேண்டும். வில்லின் மேல் கையும் கீழ்க் கையும் ஒரே மாதிரி வளைய வேண்டும். வளையாமல் விறைத்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டு அங்கே மட்டும் சுரண்டுவேன். அதிகமாக வளைந்த இடத்தைத் தொடவே கூடாது. வளைவு சரியாகும் வரை கயிற்றை ஒரு விரல் அளவுகூட அதிகமாக இழுக்கக்கூடாது. மரம் ஒரு தடவை தப்பாக வளைந்துவிட்டால் அதை மறக்காது.

மாலையில் பிள்ளைகள் போனபிறகு சார் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்காருவார். நான் இழுப்பேன், அவர் பார்ப்பார்.

“கீழ்க் கை தூங்குதோ?”

“ஆமா சார். கணுவுக்கு அந்தாண்ட.”

“எழுப்பலாமா?”

நான் சுரண்டுவேன். மறுபடி இழுப்பேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டதை இரண்டு பேருமே மறந்த நாட்கள் உண்டு.

முடித்துத் தொங்குதராசில் மாட்டிப் பார்த்தபோது எழுபது பவுண்டைத் தாண்டியது. முதலில் நான்தான் விட்டேன். அப்படிப்பட்ட வில்லைக் கைப்பலத்தால் இழுக்க முடியாது. இடது கை வில்லை முன்னால் தள்ள, வலது கை நாணைப் பின்னால் கொண்டுவர, முதுகின் இரண்டு பக்கமும் நடுவை நோக்கி நெருங்க வேண்டும். நாண் கன்னத்துக்கு வந்ததும் விட்டுவிட வேண்டும். அங்கே நிறுத்தி வைத்தால் உடம்பு ஆடும். உடம்பு ஆடினால் அம்பு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சார் இதைப் பிள்ளைகளுக்கு ஒரே வரியில் சொன்னார். “வந்த எடத்துல விட்டுடணும், இல்லன்னா எறக்கிடணும்.”

அம்புக்கு மூங்கில். முனைக்கு நெல்லிக்குப்பத்துக் கொல்லர் ஒருவர் அடித்துத் தந்த இரும்பு, வேப்பிலை போல நடு அகன்று நீண்டது. மழுங்கலாக இருந்தால் கரைக் கல்லில் பட்டு எகிறும் என்பதால் அப்படிச் செய்யச் சொன்னோம். அந்த இரும்பை மூங்கிலில் அரக்கு வைத்து ஒட்டி நூல் சுற்றியிருந்தேன்.

பல பையன்கள் அந்த வில்லை இழுத்துப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தோள் தூக்கிக்கொண்டது. ஒழுங்காக இழுத்தது செல்வராணி ஒருத்திதான். அண்ணாகிராமத்துப் பெண், குண்டு எறியும் வீராங்கனை. தோப்பில் பலாப்பழம் தூக்கி வளர்ந்த முதுகு அவளுக்கு. குறைந்த பலமுள்ள விற்களில் ஒரு வருஷம் பழகிய பிறகுதான் சார் அவளைப் பெரிய வில்லைத் தொடவிட்டார்.

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை. காலை வெயில். மண் கரைமேல், அம்பு குத்தும் இடத்துக்கு ஒதுங்கி, இரண்டு மாணவர்கள் கொடியோடு நின்று, அந்தப் பக்கம் பார்த்து, ஆள் இல்லை என்று கொடியை உயர்த்தினார்கள். சார் விசில் ஊதினார். செல்வராணி இழுத்தாள். அம்பு போய்க் கரையில் குத்தியது. எல்லாரும் கை தட்டினார்கள். விழா மலருக்காகப் படம் எடுக்க வந்திருந்தவர் இன்னொரு முறை வேண்டும் என்றார். மறுபடி கொடி, மறுபடி விசில். அவள் நாணைக் கன்னத்துக்குக் கொண்டுவந்த நொடியில் அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து, “அப்படியே ஒரு நிமிஷம் புடிம்மா” என்றார்.

அவருக்கு வில்லைப் பற்றித் தெரியாது. பெரியவர் சொல்கிறாரே என்று அவளும் பிடித்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவள் முழங்கை நடுங்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். இடது கை மெல்ல மேலே ஏறியது.

“எறக்கு” என்றார் சார்.

இறக்கத்தான் பார்த்தாள். பாதி வழியில் நாண் விரலிலிருந்து நழுவிவிட்டது. அம்பு கொடிக்காரர்களின் தலைக்குமேல் வெகு உயரத்தில் போய், கரையைத் தாண்டி மறைந்தது.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். சாரின் கை மணிக்கட்டுக்குப் போனது. கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். நான் கருவிப் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மணலைத் தாண்டி, அக்கரையில், நாணல் புதர் நிழலில் ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் வீச்சு வலை. கரைமேல் நின்றவர்கள் கண்ணுக்குப் புதர்தான் தெரிந்திருக்கும். அவ்வளவு தூரம் அம்பு போகும் என்று நாங்கள் ஒருவருமே நினைத்ததில்லை. முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் அம்பு இறங்கியிருந்தது. அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இழுக்காதீங்கண்ணா” என்று கத்திக்கொண்டே போய் மணலில் விழுந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்து வியர்த்திருந்தது. “ஒம் பொருளா பாய் இது?”

“ஆமாண்ணா.”

“அப்ப நீயே எடு.”

என்னால் முடியாது என்று சொன்னேன். உள்ளே இருக்கும் இரும்பு அகலமானது, அரக்கில்தான் ஒட்டியிருக்கிறது, இழுத்தால் மூங்கில் மட்டும் வரும், இரும்பு உள்ளேயே தங்கிவிடும் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கையை எடுத்தார். அவர் பெயர் காத்தவராயன் என்று பின்னால் தெரிந்தது. ஆற்றிலும் கழிமுகத்திலும் வலை வீசிப் பிழைப்பவர்.

அவரைத் தூக்கிக்கொண்டு மணலைத் தாண்டிக் கரையேற வேண்டும். ஒரு கை நீளத்துக்கு வெளியே நின்ற மூங்கில் ஒவ்வொரு அடிக்கும் ஆடும், ஆடினால் உள்ளே இரும்பு அறுக்கும். வெட்டியாக வேண்டும். அம்பில் நாண் பொருந்தும் குதையை அறுப்பதற்கு நான் வைத்திருந்த பொடிப்பல் வாள் பையில் இருந்தது. சார் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் காயத்தைச் சுற்றி வைத்தார். அதற்குமேல் மூங்கிலை இரண்டு கைப்பிடியாலும் இறுக்கிப் பிடித்தார்.

“அறுக்கலாமா தாவூது?”

என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக எதையும் அறுத்ததில்லை. தள்ளும்போது அழுத்தம் கொடுக்காமல், இழுக்கும்போது வாளின் எடையை மட்டும் விட்டு அறுத்தேன். அதிர்வு எல்லாம் சாரின் கையோடு நின்றது. அவர் விரல்கள் வெளுத்துப்போயின. காத்தவராயன் என் தோளைப் பிடித்துக்கொண்டு வாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூங்கில் விட்டுப் போனபோது அவர் மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

பிள்ளைகள் நான்கு பேர் ஒரு கதவுப் பலகையைக் கொண்டுவந்தார்கள். கல்லூரி வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சார் வழி முழுக்க மூங்கில் துண்டின்மேல் இருந்து கையை எடுக்கவில்லை.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர் அம்மா எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். “இத செஞ்சது யாரு?” என்று கேட்டார். முன்னால் போனேன். “இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா? கொண்டு வாங்க. உள்ள இருக்கறது எப்படி இருக்குன்னு கையில புடிச்சுப் பாத்துட்டு ஆரம்பிக்கறேன்” என்றார். வேனில் திரும்பிப் போய் ஜோடி அம்பை எடுத்து வந்தேன். இரும்பின் அகலத்தை விரலால் தடவிப் பார்த்து, எங்கே நூல் சுற்றியிருக்கிறது, ஈரத்தில் அரக்கு விடுமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.

காத்தவராயனின் மனைவி அஞ்சலை வந்து சேர்ந்தார். சார் பனியனோடு எழுந்து நின்றார். நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா அழவில்லை. சாரை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“எதுக்கு சார் வில்லு? யார அடிக்க?”

“யாரையும் அடிக்க இல்லம்மா. பிள்ளைங்க விழாவுக்கு.”

“விழாவுக்கா” என்றார் அவர். போய் அறுவை அறை வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

போலீஸ் வந்தது. அம்பு விட்டது யார் என்று கேட்டார்கள். சார், “என் மைதானம், என் விசில். என் பேர எழுதுங்க” என்றார். வராந்தாவின் கோடியில் உட்கார்ந்திருந்த செல்வராணி எழுந்து வந்தாள். “நான்தான் சார் விட்டேன்” என்றாள். சார் அவளைத் தடுக்கவில்லை. பக்கத்தில் இடம் விட்டு நின்றார்.

இரும்பு முழுசாக வெளியே வந்தது. எலும்பில் படவில்லை, பெரிய ரத்தக்குழாயிலும் படவில்லை. நரம்பில் அடிபட்டிருந்தது. காத்தவராயன் பிழைத்தார். ஆனால் அந்தப் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போயிற்று. வீச்சு வலை வீசுகிறவனுக்குத் தண்ணீருக்குள் கால் ஊன்றித் திரும்பத் தெரிய வேண்டும். அது போய்விட்டது. போலீஸ் கேட்டபோது, “தெரிஞ்சு செய்யல, எனக்கு கேஸ் வேணாம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் விழா நடக்கவில்லை. சாரை நிர்வாகம் கூப்பிட்டு விசாரித்தது. அவர் படம் எடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ஆபீஸில் கேள்விப்பட்டேன். வில்வித்தையை நிறுத்தினார்கள், பெரிய வில்லை உடைத்துப் போடச் சொன்னார்கள். சார் பட்டறைக்கு வந்தார்.

“ஒடச்சிடலாமா தாவூது?”

அவர் கேட்டு நான் செய்யாமல் இருந்த காரியம் அதுவரை இல்லை. “அவர ஒரு வார்த்த கேட்டுட்டு ஒடைக்கலாம் சார்” என்றேன். சார் சரி என்றார்.

வில்லைத் துணியில் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் ஆற்றோரம் காத்தவராயன் வீட்டுக்குப் போனோம். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வில்லை வாங்கி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு முனையிலிருந்து முனைவரை தடவினார்.

“இன்னா மரம்?”

“கருவேலம்.”

“எங்க வீட்டுக் கதவு நெலையும் அதான்.” பிறகு சார் பக்கம் திரும்பினார். “சார், சத்தம் கேக்கல. நெழலும் விழல. வல கட்டிக்கினு இருந்தேன், கால்ல ஏதோ இருந்துச்சி. எங்கேர்ந்து வந்துச்சின்னே தெரியல. அதுலேர்ந்து வானத்த நிமிந்து பாக்க முடியல எனக்கு. வெளிய உக்காந்தா மேலேர்ந்து வர்ற மாதிரியே இருக்குது.”

வில்லைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

“ஒடைக்கறதுன்னா ஒடைங்க. ஆனா அதுக்கு மின்ன ஒரு தபா விட்டுக் காட்டுங்க. எங்கேர்ந்து கெளம்புது, எப்படி வருதுன்னு நா பாக்கணும்.”

“நான் விடறேண்ணா” என்றேன்.

“நீ வேணாம் பாய். அந்தப் பொண்ணு விடட்டும்.”

வாசலில் நின்றிருந்த அஞ்சலை, “இன்னாத்துக்கு இந்த வேல” என்றார்.

செல்வராணி குண்டு எறிவதையும் விட்டுவிட்டு அண்ணாகிராமத்துக்கே போய்விட்டிருந்தாள். கல்லூரிக்கும் சரியாக வருவதில்லை. சாரும் நானும் பஸ் பிடித்துப் போனோம். தோப்பில் அவள் அப்பாவோடு இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் அப்பா, “வேணாம் சார், புள்ள சோறே ஒழுங்கா திங்கறதில்ல” என்றார். சார் அவரை மறுத்துப் பேசவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

“கை நடுங்குது சார்” என்றாள்.

“தெரியும்மா. வரணும்னு நான் சொல்லல. அவரு கேக்கறாரு. அதச் சொல்ல வந்தேன்.”

திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தபோது அவள் பின்னால் ஓடி வந்தாள். எந்த நாள் என்று கேட்டாள்.

விடுமுறை நாளாகப் பார்த்தோம். மைதானத்தில் வேறு யாரும் இல்லை. நிர்வாகத்திடம் சார் அனுமதி வாங்கியிருந்தார், எப்படி வாங்கினார் என்று தெரியாது. காத்தவராயனுக்கு எங்கள் ரூமிலிருந்து நாற்காலி கொண்டுவந்து, அவள் நிற்கும் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டேன். அஞ்சலை அவருக்குப் பின்னால் நின்றார். சார் தானே போனார். கரை ஏறி, இறங்கி, ஆற்றைத் தாண்டி, அக்கரைப் புதர் ஒவ்வொன்றையும் விலக்கிப் பார்த்து, அங்கேயே நின்று கொடியை உயர்த்தினார். அவ்வளவு தூரத்தில் அவர் ஒரு வெள்ளைப் புள்ளி மாதிரித் தெரிந்தார்.

நான் நாண் ஏற்றிக் கொடுத்தேன். செல்வராணி இழுத்தாள். பாதியில் இறக்கிவிட்டாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி இழுத்தாள், மறுபடி இறக்கினாள்.

“அவசரமில்ல பாப்பா” என்றார் காத்தவராயன்.

மூன்றாவது முறை நாண் கன்னத்துக்கு வந்தது, வந்த இடத்தில் போனது. அம்பு மேலே ஏறி, வளைந்து, கரையில் குத்தியது. அவர் கழுத்து அம்போடு கூடவே போயிற்று. குத்திய பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு வாட்டி.”

விட்டாள். இன்னொன்று என்றார். அதையும் விட்டாள். பையில் இருந்த அம்புகள் எல்லாம் தீரும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அவளும் விட்டுக்கொண்டே இருந்தாள். கடைசி அம்பு போனபிறகு அவர் சொன்னார்.

“இப்ப தெரியுது. மேல போயி, அங்க கொஞ்சம் யோசிச்சிட்டு, அப்பறம்தான் எறங்குது.”

செல்வராணி வில்லை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் முன்னால் போய் மண்ணில் உட்கார்ந்தாள். அவர்தான் கேட்டார்.

“அன்னிக்கு பயந்துட்டியா?”

“ஆமாங்க.”

“நானுந்தான்.”

அஞ்சலை குனிந்து அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். நாண் பட்டுச் சிவந்து கன்றியிருந்தன. தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

சார் அக்கரையிலிருந்து நடந்து வந்து சேர்ந்தார். வில்லை என்ன செய்வது என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. காத்தவராயன் வேறு ஒன்றைச் சொன்னார்.

“சார், இந்தாண்ட நின்னு பாத்தா அந்தாண்ட ஆளே இல்லாத மாதிரிதான் இருக்குது. நாங்க எப்பவும் அங்கதான் இருக்கோம். மாடு மேய்க்கறவங்க, புல்லறுக்க வர்ற பொம்பளைங்க, வல போடறவன். கரைமேல நின்னா தெரியாது. ஆத்துக்கு அந்தாண்ட ஒரு ஆள் நிக்கணும்.”

“நிக்க வைக்கறேன்” என்றார் சார்.

“பசங்கள நிறுத்தாதீங்க, ஓடிப்புடுவானுங்க. நா நிக்கறேன். வலதான் வீச முடியாது. நிக்க முடியும்.”

சார் இந்த முறை கேள்வியாக ஒன்றும் கேட்கவில்லை. கை கூப்பினார்.

நிர்வாகத்தோடு பேசிப் பேசி அவரை மைதானப் பணியாளராகச் சேர்க்கவும், வில்லை உடைக்காமல் விழாவுக்கு வைத்துக்கொள்ளவும் சார் பட்ட பாடு தனி. அடுத்த வருஷம் விழா நடந்தது. பந்தல் நிறையக் கூட்டம். மேடையில் பெரியவர்கள் காத்திருந்தார்கள். அம்பு ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போனார். சார் அசையவில்லை. அக்கரையில் காத்தவராயன் தடியை ஊன்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, புதர் புதராகப் பார்த்துக்கொண்டு போனது எங்களுக்குத் தெரிந்தது. ஓர் இடத்தில் நின்று யாரையோ கை காட்டி அனுப்பினார். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் மெதுவாக நடந்து மேட்டுக்கு அப்பால் போனாள். அவள் போய் மறையும்வரை அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, வானத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கொடியை உயர்த்தினார்.

செல்வராணி வில்லை எடுத்தாள்.